தேனிப் பக்கம் குடிபோகிறேன். ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல்., இதில் எந்த சிம் நன்றாக எடுக்கும்?

என் சொந்த ஊர் கம்பத்துக்குப் பக்கம்தான். அப்பா, அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் கேட்ட நாலில் இதுதான் என்று ஒரு பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பதில் மாறும். தெரு என்ன, ஒரே வீட்டில் திண்ணைக்கும் அடுப்படிக்குமே மாறும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் கூட வேலை பார்ப்பவர் தன் போனில் நெட் வேகத்தை அளந்து காட்டினார். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு அன்றைக்கே, எண்ணை மாற்றாமல் அவருடைய கம்பெனிக்கு மாற போர்ட் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். அப்பாவின் எண்ணையும் சேர்த்து மாற்றிவிட்டேன். ஊருக்குப் போனால் வாசலில் டவர் ஃபுல், நடுவீட்டில் ஒரு கோடு, அடுப்படியில் அதுவும் இல்லை. அப்பா போனை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். மணி அடித்தால் ஓடிவந்து, கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பேசுவார். சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி நான் எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. ஒரு தடவைகூடப் போகவில்லை. சரி, திரும்ப மாறிவிடலாம் என்றால், போர்ட் ஆகி வந்த இடத்தில் 90 நாள் இருந்தே ஆக வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அதே சிம் கோவையில் என் மேசையில் இன்றைக்கும் பறக்கிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ் அலைவரிசைகள் தூரமும் போகும், சுவரைத் தாண்டி உள்ளேயும் வரும். 2300, அப்புறம் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300க்கு மேற்பட்டவை, வேகத்தில் கெட்டி. கான்கிரீட்டைக் கண்டால் சோர்ந்துவிடும். உங்கள் வீட்டுக்குள் வருவது எது என்பது டவர் எவ்வளவு தூரம், நடுவில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மலையடிவாரத்தில் இந்தக் கணக்கு இன்னும் கோணல். எங்கள் வீட்டு மாடியில் சில நேரம் ‘கேரளாவுக்கு நல்வரவு’ என்று எஸ்.எம்.எஸ். வரும்! தெருமுனையில் டவர் நிற்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். ஒரே டவரை இரண்டு மூன்று நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்திருக்கலாம், உங்களுக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லாமலும் இருக்கலாம்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போதே வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் போன், புரோக்கர் போன், வீட்டுக்காரர் போன் என்று எப்படியும் இரண்டு மூன்று கம்பெனி சிம் அங்கே இருக்கும். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்கிற கையோடு, “உங்களுக்கு எந்த சிம்ணே, உள்ளே எடுக்குதா?” என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டதோடு விடாமல், படுக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். கோடுகளை ரொம்ப நம்ப வேண்டாம், அது ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குப் போடுவது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே, போனைப் பற்றிய பக்கத்தில், சிம் நிலையைத் தொட்டால் டிபிஎம் என்று சிக்னல் வலுவைச் சொல்லும் ஒரு எண் காட்டும். மைனஸ் 90 பக்கம் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 115 என்றால் நீங்களும் ஒரு மஞ்சள் பை வாங்க வேண்டியதுதான்.

நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கிறது என்று வரைபடம் போட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. பாருங்கள், உங்கள் ஊரிலேயே எடுக்காத சிம்மைத் தள்ளிவிட அது உதவும். உங்கள் கூரைக்குக் கீழே என்ன கதி என்பதை அது சொல்லாது. அதற்கு ரீசார்ஜ் கடைக்காரரும் கூரியர் பையன்களும்தான் சரி.

பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஊரே போனைக் கையில் எடுக்கும்போது டவர் ஃபுல்லாக இருந்தும் நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். அது சிக்னல் குறைவு இல்லை, நெரிசல். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றால் இதுதான் உங்களை அதிகம் படுத்தும்.

போனையும் கவனியுங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. வீட்டுப் பெரியவர்களிடம் 4ஜி இல்லாத பழைய பட்டன் போன் இருந்தால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றியபோது பலர் பி.எஸ்.என்.எல்.லுக்குத் தாவினார்கள். அதன் 4ஜி 700, 2100 அலைவரிசைகளில் வருகிறது. 700 என்பது போன் விவரங்களில் பேண்ட் 28 என்று இருக்கும், பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இருக்காது. உங்கள் மாடலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எடுத்த எடுப்பில் போர்ட் போடாதீர்கள். இருக்கிற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, மனதில் இருக்கும் கம்பெனியில் புது ப்ரீபெய்டு சிம் ஒன்று வாங்கி ஒரு மாதம் இரண்டாவது சிம்மாகப் போட்டுப் பாருங்கள். பிடித்தால், ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் இந்த எஸ்.எம்.எஸ். போக விட வேண்டும் என்று 2021இலேயே டிராய் சொல்லிவிட்டது. 8 எழுத்துக் குறியீடு ஒன்று வரும், 4 நாளுக்குள் புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். நடுவில் பழைய நிறுவனத்திலிருந்து பாசமாக அழைப்பார்கள், அதுவரை கண்ணில் படாத ஆஃபர் எல்லாம் அப்போது வரும்.

எதுவுமே உள்ளே எடுக்கவில்லை என்றால், வீட்டில் பிராட்பேண்ட் போட்டு போனில் வைஃபை காலிங்கை இயக்கிவிடுங்கள், டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே கால் போகும். அப்பாவுக்குக் கடைசியில் அதைத்தான் செய்தேன். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டே பேசுகிறார். கரண்ட் போனால் மட்டும் மறுபடி ஜன்னல்.

எந்த ஊர், எந்தத் தெரு என்று முடிவானதும் கீழே எழுதுங்கள். கம்பம் பக்கம் என்றால் அப்பாவிடம் சொல்லி அங்கே யாரையாவது விசாரிக்கச் சொல்கிறேன்.