இனுயிட் அச்சோவியம் மரபா, இறக்குமதியா?

அச்சுக்கலை 1950களில் வெளியாள் கொண்டுவந்ததாயிற்றே, அதை ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியினரான இனுயிட் மக்களின் மரபுத் தொடர்ச்சி என்று கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். வட கனடாவில் இனுயிட் மக்கள் வாழும் கின்கைட் ஊரில் அச்சு வேலை 1957 வாக்கில்தான் தொடங்கியது. அந்த வெளியாளான கனடா ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் ஜப்பானுக்குப் போய் நுட்பம் கற்றுவந்தார் என்பதும் உண்மை. இதை மறைக்க வேண்டாம்.

ஆனால் கின்கைட்டின் இனுயிட் பெண் ஓவியர் கெனோஜுவாக் அஷேவாக்கின் முதல் அச்சோவியமான, கடற்பாசி தின்னும் முயலைப் பாருங்கள். அது அவர் சீல் என்ற கடல்விலங்கின் தோலால் ஆன பை ஒன்றில் ஏற்கெனவே செய்திருந்த உருவம். தோலை வெட்டி, உருவமாக்கித் தைக்கும் பெண்களின் கைப்பழக்கம் அப்படியே தாளுக்கு வந்துவிட்டது. வந்தது கருவிதான், கை பழையது. 1970இல் தபால்தலையில் வந்த அவருடைய ஆந்தையை விடுங்கள், எல்லாரும் எழுதித் தேய்த்தாகிவிட்டது. முயலையே எடுத்துக்கொள்ளுங்கள்.