கியரை எப்போது மாற்றுவது? ஸ்பீடோமீட்டரைப் பார்த்து அல்ல

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். வகுப்பு 2பி உரிமத்துக்காக மோட்டார்சைக்கிள் பழகுகிறேன். பயிற்சி வளாகப் பாடங்கள் முடிந்து சாலைப் பாடம் தொடங்கியிருக்கிறது. கியரை எப்போது மாற்றுவது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஹோண்டா சூப்பர் ஃபோர் மோட்டார்சைக்கிள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியர், 30இல் மூன்று, 40இல் நான்கு, 50இல் ஐந்து என்று மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்கிறார். பயிற்றுவிப்பாளரோ எஞ்சின் சத்தத்தைக் கேள் என்கிறார். ஹெல்மெட்டுக்குள் எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டுமா, கிளட்சைப் பிடித்து ஒரேயடியாக மிதித்து இறக்கலாமா? உரிமம் கிடைத்ததும் துவாஸில் இருக்கும் வேலையிடத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும்.

பதில்: தம்பி, நண்பர் சொன்ன கணக்கு அவருடைய வண்டிக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் வண்டிக்கு அதை அப்படியே பொருத்தாதீர்கள்.

ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் 399 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். நீங்கள் பழகுவது, 2பி உரிமத்தின் வரம்பான 200 சிசிக்கு உட்பட்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டியாகத்தான் இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர், எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு தடவைதான் உந்தும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் உங்கள் வண்டிக்கு விநாடிக்கு 20 உந்துதல் கிடைக்கிறது. அதே சுற்றில் நண்பரின் வண்டிக்கு 80. அதனால்தான் அவர் ஐந்தாம் கியரில் சாவகாசமாக உருட்டிக்கொண்டு போக முடிகிறது. அதே வேகத்தில், அதே கியரில் உங்கள் வண்டி ஒவ்வோர் உந்துதலுக்கும் இடையே திணறும். அந்தத் திணறல்தான் கைப்பிடியிலும் இருக்கையிலும் நடுக்கமாக வருகிறது.

ஆகவே, வேகத்தைப் பார்த்துக் கியரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றே கூடுதலாக முறுக்கினால் வண்டி உடனே இழுக்குமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே ஓட்டுங்கள். கொஞ்சம் முறுக்கியதும் வண்டி துள்ளாமல் முன்னேறினால் கியர் சரி. முறுக்கியும் வேகம் கூடாமல், சைக்கிளில் கனமான கியரோடு மேடேறும் கால்போல எஞ்சின் முக்கினால் ஒரு கியர் குறைக்க வேண்டும். அதற்கு மாறாக, எஞ்சின் கீச்சென்று கத்துகிறது, கால்வைக்கும் கட்டையில் விறுவிறுவென்ற மெல்லிய அதிர்வு வருகிறது, கையைச் சற்றுத் தளர்த்தியதும் வண்டி வெடுக்கென்று பின்னிழுக்கிறது என்றால் ஒரு கியர் ஏற்றுங்கள்.

இதைக் காதால் அறிய முடியவில்லை என்று வருந்த வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலும் பக்கத்து லாரியின் உறுமலும் சேர்ந்துவிடும். முக்கும் எஞ்சினின் அதிர்வு மெதுவாகவும் கனமாகவும் தொடையில் தெரியும். மிகையாகச் சுற்றும் எஞ்சினின் அதிர்வு பொடியாக உள்ளங்காலில் ஏறும். இந்த இரண்டையும் பிரித்தறிந்துவிட்டால் காதுக்கு வேலை குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் சுற்றுமானி வண்டியில் இருந்தால் ஒரு தோராயம் சொல்கிறேன்: 150 முதல் 200 சிசி வரையிலான வண்டிகளில், சாதாரண நகர ஓட்டத்தில் 4,000க்கும் 6,000க்கும் இடையே கியர் ஏற்றினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மேட்டிலும் பின்னால் ஆள் இருக்கும்போதும் இன்னும் சற்றுத் தாமதித்து ஏற்றுங்கள்.

பயிற்சி வளாகத்தில் இந்தச் சிக்கல் உங்களுக்கு வராததற்குக் காரணம் உண்டு. குறுகிய பலகைமீது ஓட்டுவதும் எட்டு வடிவ வளைவும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முடிந்துவிடும். அங்கே கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்துச் சமாளித்திருப்பீர்கள். பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருப்பதால் அதைத் தாங்கும். அதே பழக்கத்தைச் சாலைக்குக் கொண்டுவந்து, ஓடும்போதெல்லாம் கிளட்சில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் தகடு தேயும். எஞ்சின் இழுக்கிறதா இல்லையா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

இனி, குறைப்பது. கியர் ஏற்றுவதில் தவறினால் வண்டி திணறும், அவ்வளவுதான். குறைப்பதில் தவறினால் விழ நேரிடலாம். அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

தொலைவில் விளக்கு சிவப்பாகிறது. நீங்கள் நான்காம் கியரில் வருகிறீர்கள். முதலில் ஆக்சிலரேட்டரை விடுங்கள், பிரேக்கைத் தொடுங்கள். எஞ்சினே வேகத்தைக் குறைக்கும் என்று பிரேக்கைத் தொடாமல் வருவோர் பலர். அப்போது பின்னால் இருக்கும் பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. வேகம் இறங்க இறங்க, எஞ்சின் முக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் கிளட்சை மெல்ல விடுங்கள். சடாரென்று விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பிடித்து இழுபடும். மழை பெய்து முடிந்த சாலையில், அதுவும் வெள்ளைக் கோட்டின்மீது, அந்த ஒரு கணம் போதும் வண்டி வழுக்க. கிளட்சை விடும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு சொட்டு முறுக்கினால் எஞ்சினும் சக்கரமும் இணக்கமாகச் சேரும்.

கிளட்சைப் பிடித்தபடி உருண்டு வந்து, நின்ற பிறகு மிதித்து இறக்குவதை நான் இரண்டு காரணங்களுக்காக மறுக்கிறேன். நீங்கள் 20 கிலோமீட்டரில் உருண்டு வரும்போது விளக்கு பச்சையாகிவிடலாம். அப்போது இரண்டாம் கியரில் இருந்தால் அப்படியே போய்விடலாம். நான்கில் இருந்தால் பின்னால் வருவோர் நடுவே தடுமாறுவீர்கள். இன்னொன்று, நின்ற வண்டியில் கியர் எளிதில் விழாது. கியர்களின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் எதிர்க் கியரின் பள்ளங்களில் போய் உட்கார வேண்டும். சுழற்சி நின்றுவிட்டால் முனையும் முனையும் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிச் சிக்கிக்கொண்டால் காலால் உதைக்காதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை நூலளவு விட்டு மீண்டும் பிடித்து, மிதியுங்கள். இல்லாவிட்டால் வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் அசையுங்கள். விழுந்துவிடும்.

ஒரே விதிவிலக்கு, அவசர பிரேக். குழந்தை குறுக்கே ஓடிவந்தால் கியரைப் பற்றி எண்ணவே வேண்டாம். பிரேக், கிளட்ச், நில். மற்றதெல்லாம் பிறகு.

சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது, எதிர்வரும் வாகனங்களுக்கு இடையே வழி கிடைக்கக் காத்திருப்போம். கியரைத் திரும்பும் முன்பே முடிவு செய்யுங்கள்: நின்றிருந்தால் முதல் கியர், உருண்டுகொண்டிருந்தால் இரண்டாம் கியர். வண்டி சாய்ந்திருக்கையில் மாற்ற வேண்டாம். நிமிர்ந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் இறங்கும்போதும் கிளட்சைப் பிடித்து உருளாமல், முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

உங்கள் வேலைப் பயணத்துக்கு வருகிறேன். சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறி, புக்கிட் தீமா, கிராஞ்சி, தீவு விரைவுச்சாலைகள் வழியாகத் துவாஸ் போவீர்கள் என்று நினைக்கிறேன். சின்ன வண்டிக்குச் சிரமமான இடம் நுழைவுப் பாதைதான். அங்கே அவசரப்பட்டு ஐந்தாம் கியருக்குப் போகாதீர்கள். மூன்றிலும் நான்கிலும் எஞ்சினை நன்றாகச் சுற்றவிட்டு, தடத்தில் ஓடும் வாகனங்களின் வேகத்தை எட்டி, சேர்ந்துகொண்ட பிறகு ஏற்றுங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று பயம் வரும். சுற்றுமானியின் சிவப்புப் பகுதியைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. மேம்பாலத்து ஏற்றத்தில் வேகம் வடியத் தொடங்கினால், முழுவதும் வடியும்வரை காத்திராமல் உடனே ஒரு கியர் குறையுங்கள்.

காலைப் பற்றி ஒன்று. மாற்றிய பிறகும் பாதத்தைக் கியர் நெம்பின்மீதே வைத்திருந்தால் கியர் பாதியில் நழுவி, இரண்டுக்கும் நடுவே நிற்கும். முறுக்கினால் எஞ்சின் மட்டும் அலறும். நெம்பைத் தயங்காமல் முழுதாகத் தூக்குங்கள், பிறகு பாதத்தைக் கட்டைக்கு எடுத்துவிடுங்கள்.

அடுத்த சாலைப் பாடத்தில் நெரிசல் இல்லாத ஒரு நேரான சாலையில், பயிற்றுவிப்பாளரிடம் சொல்லிவிட்டு, 40இல் ஒரே வேகமாக ஓட்டியபடி மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் மாறி மாறிச் சென்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் சற்றே முறுக்கி, எதில் வண்டி உடனே இழுக்கிறது என்பதைத் தொடையிலும் உள்ளங்காலிலும் கவனியுங்கள்.