காலநிலை மாற்றமும் மக்கள் நலமும்: சுகாதாரக் கல்வியாளர்கள் எங்கிருந்து தொடங்குவது?

காலநிலை மாற்றத்தால் வரும் உடல்நலப் பாதிப்புகளைச் சுகாதாரக் கல்வியாளர்கள் எப்படி எடுத்துச் சொல்லலாம் என்பது கேள்வி. துருவப் பனியையும் கரியமில வாயுவையும் வைத்து வகுப்பைத் தொடங்காதீர்கள். கேட்பவருக்கு அது எங்கோ நடக்கிற விஷயமாகிவிடும். அடுத்த சில வாரங்களில் அவர் வீட்டுக்குள் வரக்கூடிய நோயிலிருந்து தொடங்குங்கள். காரணத்தை அதற்குப் பிறகு சொன்னால்தான் மனதில் தங்கும்.

வெப்பத்துக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்பதோடு நிறுத்திவிடுவது பெரிய தவறு. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வசித்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது துண்டறிக்கை அல்ல, கதவைத் தட்ட ஓர் ஆள். எனவே வெப்ப எச்சரிக்கை நாளில் யார் யாரைக் காலையும் மாலையும் போய்ப் பார்ப்பது என்று வகுப்பிலேயே பட்டியல் போடுங்கள்.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, லித்தியம், மனநோய்க்கான சில மருந்துகள் எடுப்பவர்களுக்கு வெப்பத்தின் ஆபத்து கூடும். கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள். வெயிலில் ஒருவருக்குப் பேச்சு குழறினாலோ புத்தி தடுமாறினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், உடலை நனைக்காமல் போடும் மின்விசிறி உடலைச் சூடாக்கவே செய்யும். பலருக்கு இது தெரியாது.

காலநிலையை விளக்க மிகச் சரியான இடம் டெங்கு. ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். சூடு கூடினால் அந்த நாட்கள் குறையும், கொசுவுக்குள் வைரஸ் பெருகும் வேகமும் கூடும். பூமி சூடாவதன் பொருள் கேட்பவருக்குப் பிடிபடுவது இந்த இடத்தில்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கு வரும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதபோது, கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே வாயால் சொல்லாமல், அவரவர் கையால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்ற கணக்கு எதையும் காட்டாது. எச்சரிக்கை நாள் முடிந்ததும் பட்டியலில் இருந்த முதியவர்களிடம் போய், யார் வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். யாரும் வரவில்லை என்றால், பொறுப்பேற்றவர் அந்நேரம் வேலைக்குப் போயிருக்கக்கூடும். அந்த வீட்டுக்கு இரண்டாவது பெயர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.