அப்பாவின் செட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா 1990களில் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் இன்னும் ஓடுகின்றன. அதில் புளூடூத் ரிசீவர் மாட்டி, லாஸ்லெஸ் (ஒலித் தரம் குறையாத) சந்தாவும் கட்டி, போனிலிருந்து பாட்டு போடுகிறேன். ஆனாலும் அப்பா விரும்பிக் கேட்கும் நாகஸ்வரம் மங்கலாகவே இருக்கிறது. இடது ஸ்பீக்கர் அவ்வப்போது நின்றும் போகிறது. செட்டை மாற்றிவிடலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். முத்தியால்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நல்ல செட்டை எடைக்குப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் இடது பக்கத்தைப் பார்ப்போம். ஆம்ப்பை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை பின்கள் இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது வலது ஸ்பீக்கர் நின்றால் கோளாறு கேபிளிலோ ரிசீவரிலோ இருக்கிறது. மறுபடி இடதே நின்றால் ஆம்ப்பிலோ ஸ்பீக்கர் ஒயரிலோ பார்க்க வேண்டும். உங்கள் வீடு இருக்கும் இடத்தை வைத்துச் சொல்கிறேன், பின்னைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். உப்புக்காற்றின் வேலை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, பளபளப்பு வரும்வரை பின்னையும் சாக்கெட்டின் வெளி வளையத்தையும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

அப்புறம் அந்த மங்கல். சிடி தரம் என்பது நொடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண புளூடூத்தில் போவது சுமார் 328தான். நீங்கள் லாஸ்லெஸுக்குப் பணம் கட்டினாலும் போன் அதை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. போதாததற்கு, மலிவான ரிசீவருக்குள் இருக்கும் டிஏசியும், அதாவது டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்பும், சுமாராகத்தான் இருக்கும். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் அந்தக் கூர்மை இப்படித்தான் மழுங்கிப்போகிறது.

அதனால் ரிசீவரை எடுத்துவிட்டு ஒரு வைஃபை ஸ்ட்ரீமர் வாங்குங்கள். அது பாட்டை இணையத்திலிருந்து தானே இழுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட்தான். ஒன்று மட்டும் கவனம். நீங்கள் சந்தா கட்டும் ஆப்பிலிருந்து அந்த ஸ்ட்ரீமருக்கு லாஸ்லெஸ் நேரடியாகப் போகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆம்ப்பில் ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். ஃபோனோ என்ற இடம் இசைத்தட்டு பிளேயருக்கானது, அதில் செருகினால் சத்தம் கரகரவென்று உடையும். ஸ்ட்ரீமரின் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு ஆம்ப்பில் கூட்டிக் குறையுங்கள். ஆப்பின் செட்டிங்கில் வைஃபைக்கான தரம் லாஸ்லெஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சிடி தரத்துக்கு டேட்டா மணிக்கு 635 எம்பியைத் தாண்டாது.

சிடியை விட உயர்ந்த தரம், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், சிடி தரமே அதைத் தாண்டிப் போகிறது. அந்தப் பணத்தில் நல்ல கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்கள் சுவரை ஒட்டி இருந்தால் ஓர் அடி முன்னால் இழுத்து, அப்பா உட்காரும் நாற்காலியைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை பின்களைத் துடைத்துவிடுங்கள்.