படை, நிவாரணம்: கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்

வெளிநாட்டுப் போர்ப் பகுதிக்குப் படை அனுப்பியதையும் அங்குள்ள மக்களுக்கான நிவாரணத்தையும் பற்றி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அரசிடம் ஒரே கேள்வியில் கேட்டதற்கு, ‘நிலைமை கவனிக்கப்பட்டு வருகிறது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக்குங்கள். படை எந்தச் சட்டத்தின்கீழ், எத்தனை நாளுக்கு அனுப்பப்பட்டது என்று கேட்கலாம். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் போர் அதிகாரத் தீர்மானம், படை அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் அறிக்கை கோருகிறது, காங்கிரஸின் (அந்நாட்டு நாடாளுமன்றத்தின்) ஒப்புதல் இல்லையேல் 60 நாள் வரம்பும் விதிக்கிறது.

நிவாரணத்தில்தான் மழுப்பல் அதிகம். அனுப்பிய டன் கணக்கை மட்டும் கேட்டால், எல்லையில் வெயிலில் நின்று கெட்டுப்போகும் மருந்தும் அதில் சேர்ந்துவிடும் (நினைக்கவே மனம் பதறுகிறது). ஆகவே எத்தனை லாரிகள் உள்ளே சென்றன, எவை, எக்காரணத்தால் திருப்பப்பட்டன என்று கேளுங்கள். பட்டினியைப் போர்முறையாகக் கையாள்வதைக் கண்டித்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2417ஆம் தீர்மானத்தையும் (2018) கேள்வியிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள்.