மார்னிங்டன் பினோ நுவார்: தப்பு பாட்டிலில் இல்லை

கேள்வி: மெல்பர்னில் கிளேட்டன் பக்கம் இருக்கிறோம். அலுவலக நண்பர் சொன்னாரே என்று மார்னிங்டன் தீபகற்பத்துப் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ஒன்றை 60 டாலர் கொடுத்து வாங்கி, மட்டன் குழம்போடு குடித்தோம். நிறமும் இல்லை, கனமும் இல்லை. நாக்கில் நின்றது புளிப்பும் எரிச்சலும்தான். வழக்கமாக வாங்கும் 18 டாலர் ஷிராஸ் ஒயினே தேவலை என்றாகிவிட்டது. பாட்டில் கெட்டுப்போயிருந்ததா? அடுத்த மாதம் மச்சான் சென்னையிலிருந்து வருகிறார். அவருக்கு அந்தப் பக்கத்து ஒயின் வாங்கலாமா?

பதில்: கெட்டுப்போன ஒயினை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். வினிகர் நெடி அடிக்கும், அல்லது நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். நீங்கள் சொல்வதில் இரண்டும் இல்லை. உங்கள் பாட்டில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, ஜோடிதான் சரியில்லை.

நிறத்தை முதலில் பார்த்துவிடுவோம். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் பழத்தோலிலிருந்து வருகின்றன. பினோ நுவார் மெல்லிய தோல்காரன், நிறமியும் குறைவு. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவுக்கு வெளிறியிருப்பது அதன் இயல்பு. ஷிராஸை அளவுகோலாக வைத்துக்கொண்டு இதைக் குடித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

புளிப்புக்குக் காரணம் கடல். மார்னிங்டனுக்கு மேற்கே போர்ட் பிலிப் விரிகுடா, கிழக்கே வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. மூன்று பக்கமும் தண்ணீர். ஜனவரி மாதக் கோடையிலும் அங்கே சராசரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெயில் கொளுத்தும் ஊரில் திராட்சை பழுக்கும்போது அதற்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் வேகமாகக் கரைந்து போகும். குளிர்காற்று வீசும் இடத்தில் அது மெதுவாகத்தான் குறையும். சர்க்கரை நிதானமாக ஏறுவதால் வாசனை சேரவும் அவகாசம் கிடைக்கிறது. செர்ரி, ராஸ்பெர்ரி, கொஞ்சம் ஈரமண் என்று அந்த ஒயினில் வருகிற மணமெல்லாம் இப்படிக் கிடைப்பதுதான். நண்பர் அதற்காகத்தான் சிபாரிசு செய்திருப்பார். பாவம், அந்த மணத்தை உங்கள் குழம்பு எழவே விட்டிருக்காது.

மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். காரம் ஏறிய நாக்கில் பழச்சுவை மங்கி, புளிப்பும் துவர்ப்பும் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். ஒயினும் சமையலறை மேடையிலேயே இருந்து 25, 26 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஆல்கஹால் நெடிதான் முன்னால் வந்து நிற்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் ஊற்ற வேண்டும் என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளில் பிறந்த வழக்கம். பினோவுக்கு 14 முதல் 16 டிகிரி போதும். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாதி பாட்டில் மிச்சமானால் மூடியைத் திருகி அதே ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

மட்டன் குழம்பை விட முடியாது என்றால் ஷிராஸோடு இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பினோவுக்குக் காளான் மிளகு வறுவல், வாத்து ரோஸ்ட், காரம் தூக்கலாக இல்லாத சுக்கா மாதிரி ஏதாவது செய்யுங்கள். மிளகோடு அது நன்றாகவே ஒத்துப்போகும், மிளகாயோடுதான் தகராறு. புளி ஊற்றிய மீன் குழம்பின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் எந்த ஒயினும் சப்பென்று ஆகிவிடும்.

மச்சானுக்கு நானாக இருந்தால் அதே ஊர் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினைத்தான் வாங்குவேன். மார்னிங்டன் என்றதும் எல்லோரும் பினோவைத்தான் பேசுகிறார்கள், நம் வீட்டுச் சாப்பாட்டுக்கோ வெள்ளைதான் பொருத்தம். தேங்காய்ப்பால் சொதியோடும், காரம் மட்டாகத் தடவி வறுத்த வஞ்சிரத்தோடும் அந்த ஷார்டனேயைக் குடித்துப் பாருங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அதன் புளிப்பு வெட்டும், ஒயினின் சதைப்பற்றும் சொதிக்கு ஈடுகொடுக்கும். சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும் என்றால் பினோ கிரீ என்ற இன்னொரு வெள்ளை ஒயின். துவர்ப்பு மிகக் குறைவு என்பதால் காரத்தோடு சண்டைக்குப் போகாது. லேபிளில் ‘கிரிஜியோ’ என்று இருந்தால் அதுவும் அதே திராட்சைதான். பெரும்பாலும் இன்னும் மெலிதாக, விறுவிறுப்பாகச் செய்திருப்பார்கள்.

இல்லை, மச்சானுக்குச் சிவப்புதான் வேண்டும் என்றால் ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். அங்குள்ளவர்கள் ‘மலைமேல்’, ‘மலையடி’ என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். மலைமேல் என்றால் ரெட் ஹில், மெயின் ரிட்ஜ் பக்கம்: எரிமலைப் பாறையிலிருந்து வந்த செம்மண், கூடுதல் குளிர், தாமதமான அறுவடை. ஒயின் மெலிதாக, வாசனை தூக்கலாக வரும். கீழே டூரொங், மூருடக் பக்கம் வெப்பம் சற்று அதிகம். பழம் முன்னதாகப் பழுத்து நிறமும் கனமும் ஏறும். தயாரிப்பவர் கைவண்ணத்தைப் பொறுத்து இது மாறலாம், ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல கணக்கு. ஷிராஸ் பழகிய நாக்குக்கு மலையடிதான் முதலில். டூரொங்கில் உள்ள யாபி லேக்கின் ‘பிளாக் 1’ பினோ நுவார் (2012 அறுவடை), 2013இல் மெல்பர்ன் ஒயின் போட்டியில் சிறந்த இளம் சிவப்பு ஒயினுக்குத் தரும் ஜிம்மி வாட்சன் கோப்பையை வாங்கியது. 1962 முதல் கொடுக்கப்பட்டு வரும் அந்தக் கோப்பை ஒரு பினோவுக்குப் போனது அதுவே முதல் முறை. அந்தத் தோட்டத்தின் சாதாரண லேபிளே நமக்குப் போதும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் சிறு தோட்டங்கள். மெல்பர்னுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பதால் நிலத்தின் விலையும் எக்கச்சக்கம். பினோவில் மகசூலைக் கூட்டினால் சரக்கு தண்ணீராகிவிடும். எனவே 20 டாலருக்கு நல்லது கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். 35 டாலருக்கு மேல் போனால்தான் சுவாரஸ்யம். லேபிளில் மார்னிங்டன் பெனின்சுலா என்று எழுதியிருந்தால், சட்டப்படி குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும்.

மச்சானை அங்கேயே கூட்டிக்கொண்டு போய்ச் சுவைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். சுவைக்கக் கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். வண்டி ஓட்டுபவர் துப்பிவிட வேண்டும், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விக்டோரியாவில் முழு உரிமம் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் வரம்பு, பி பிளேட் (புது ஓட்டுநரின் தற்காலிக உரிமம்) என்றால் பூஜ்ஜியம்.

அவர் ஊருக்கு எடுத்துப் போக விரும்பினால் இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரைதான். அதாவது வழக்கமான 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவதுக்கு வரி கட்ட வேண்டும். துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சென்னை வெயிலில் பரண்மேல் வைத்தால் ஒயின் வெந்துவிடும், ஃப்ரிட்ஜின் அடித்தட்டிலேயே வைத்து ஓரிரு மாதத்துக்குள் திறந்துவிடட்டும்.