அடுப்புக்கு மேல் வைத்த குழாய், கீழ்வீட்டில் ஈரம்: யார் பொறுப்பு?

கேள்வி: பெரிய பாத்திரத்தில் அடுப்பின் மேலேயே தண்ணீர் பிடிக்க வசதியாக, சமையலறைச் சுவரில் மடக்குக் குழாய் வைத்தோம். ஒப்பந்ததாரர் பைப்பைச் சுவருக்குள் புதைத்து டைல்ஸ் ஒட்டினார். சில மாதங்களில் டைல்ஸ் இடுக்கில் ஈரம், கீழ்வீட்டுக் கூரையில் கறை. "வால்வை நீங்கள் சரியாக மூடவில்லை" என்கிறார் அவர். கீழ்வீட்டுக்காரர் செலவைக் கேட்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: டைல்ஸை இப்போதைக்கு உடைக்காதீர்கள். உங்கள் வழக்குக்கான சாட்சியே அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது. ஆனால் சமையலறைக்கு வரும் தண்ணீரை இன்றே நிறுத்திவிடுங்கள். கசிவு தெரிந்த பிறகும் ஓடவிட்டால், அதற்கு மேல் ஏற்படும் சேதத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒப்பந்ததாரர் சொல்லும் காரணம் நிற்காது என்றே நினைக்கிறேன். இந்த வகைக் குழாயில் பெரும்பாலும் இரண்டு வால்வுகள் இருக்கும்: ஒன்று சுவரை ஒட்டி, மற்றொன்று தண்ணீர் விழும் முனையில். இரண்டையும் மூட மறந்தால் தண்ணீர் அடுப்பின் மேல் கொட்டும். சுவருக்குள் புதைந்த பைப்போ வால்வுகளுக்கு முன்னால் இருப்பது. அவை மூடியிருந்தாலும் அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அங்கே கசிகிறது என்றால் சந்தேகம் முதலில் அவர் போட்ட இணைப்பின் மேல்தான். ஒன்று மட்டும், வேலை முடிந்தபின் அந்தச் சுவரில் யாராவது துளை போட்டார்களா என்று கட்டாயம் கேட்பார்கள். போட்டிருந்தால் மறைக்காதீர்கள்.

இதை நிரூபிக்க பிரஷர் டெஸ்ட் போதும். வால்வுகளை மூடி, லைனில் அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அவருக்குத் தொடர்பில்லாத பிளம்பரை வைத்துச் செய்யுங்கள். தேதியும் நேரமும் எழுதி, ஒப்புகையோடு தபாலில் ஒப்பந்ததாரரை வரச்சொல்லுங்கள். வராவிட்டால் அழைத்தும் வரவில்லை என்பதே உங்களுக்குச் சாதகம். அப்புறம் டைல்ஸை உடைக்கலாம். கசியும் இடத்தைப் படமெடுத்து, வெட்டியெடுத்த பைப் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் அதைக் காட்டும். உரையாடல் இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள். அதன் நகலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழும் இணைக்க வேண்டும்.

காசு வாங்கிச் செய்த வேலை இப்படி இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சரிசெய்யவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். கெடு 2 ஆண்டுகள். சமரசம் பேசிப் பேசி அதைத் தாண்டவிடாதீர்கள்.

கீழ்வீட்டுக்காரர் விஷயம்: தவறு ஒப்பந்ததாரருடையது என்று நீங்கள் வாதிட இடமுண்டு. ஆனாலும் கீழ்வீட்டுக்காரருடைய நஷ்டத்துக்கு அவர் காரணமே இல்லை. தண்ணீர் வந்தது உங்கள் வீட்டிலிருந்து. பூச்சு, பெயின்ட் செலவை பில்லைப் பார்த்து, தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று எழுதி வைத்து, அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது என்பேன். "இனி கோரிக்கை எதுவும் இல்லை" என்று அவரிடம் ரசீது வாங்கி, அந்தத் தொகையையும் ஒப்பந்ததாரர் மீதான புகாரில் சேர்த்துக் கேளுங்கள்.